இழுப்பெல்லாம் ஆஸ்துமா அன்று

பள்ளிபாளையத்தின் தறிக்கூடங்களிலிருந்தும் நூற்பாலைகளிலிருந்தும் எம்மிடம் வருவோர் பலர், எவ்வகை மூச்சிரைப்பையும் 'இழுப்பு' என்றே குறிப்பிடுகின்றனர். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும். மருந்தினால் மீண்டும் விரியும். பலருக்கு இளமையிலேயே தொடங்கும். இரவிலும் விடியலிலும் மிகும். இடையே முற்றும் நலமாக இருக்கும் நாள்களும் உண்டு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகிய சிஓபிடி அவ்வாறன்று. பல்லாண்டுப் புகையின் விளைவாகப் பெரும்பாலும் 40 வயதுக்குப் பின் மெல்லத் தலைகாட்டும். இழந்த மூச்சு முழுமையாக மீளாது. பீடியைத் தொட்டறியாத தாய்மாருக்கும் விறகடுப்புப் புகையால் இது வரக்கூடும்.

மூன்றாவது, பிசினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோய். இதைப் பற்றியே சற்று விரிவாகக் கூற விழைகிறோம்; ஏனெனில் எளிதில் தவறவிடப்படுவது இதுவே. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், சில மணி நேரத்துக்குப் பின் நெஞ்சு இறுகும். மறுநாள் தணிந்துவிடும். தூசி மிகவும் குறைந்த நாளில் வருவதன்று. ஓய்வுக்குப் பின் வருவது. அதனாலேயே, 'ஊருக்குப் போன அலுப்பு' என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல வாரம் முழுதும் பரவி, இறுதியில் சிஓபிடியைப் போலவே நிலைத்துவிடும். பஞ்சு பிரிக்கும் இடத்திலும் கார்டிங் பிரிவிலும் தூசி மிகுதி. தறியில் ஒப்புநோக்கக் குறைவு, ஆயினும் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக இதைச் சேர்த்திருந்தது.

எக்ஸ்ரே தெளிவாக இருப்பதால் நோயில்லை எனக் கொள்ளலாகாது. ஆஸ்துமாவிலும் பிசினோசிஸிலும் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையே வழிகாட்டும். விரிவாக்கும் மருந்தை இழுத்த பின்னரும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறுவது 70 விழுக்காட்டுக்குக் கீழ் நின்றால் சிஓபிடியை ஐயுறுவோம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோய்க்கான சளிச் சோதனையும் கட்டாயம்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் வீணானது. ஆயினும் பஞ்சுத்தூசி நோயில் இன்ஹேலரை மட்டும் தந்து அதே தூசிக்குள் அனுப்புவது சிகிச்சையாகாது. பிரிவு மாற்றமும் தூசியுறிஞ்சும் ஏற்பாடும் வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு நுண்தூசியைத் தடுக்காது. காற்றுக்குழாயால் தறியை ஊதித் துடைப்பது அதனை மேலும் கிளப்பும்.

அடுத்த முறை வருகையில், இறுக்கம் எந்நாளில், வேலை தொடங்கி எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பதை இரண்டு வாரத்துக்குக் குறித்துக் கொண்டு வாருங்கள். எப்பிரிவில் எத்தனை ஆண்டு பணி என்பதையும் எழுதிவிடுங்கள்.