விழுந்த தென்னை மரங்களை உருட்டி அகற்றும் கைக்கருவிகள்

2018ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16ந் தேதி கரை கடந்த கஜா புயலில், தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் தென்னந்தோப்புகள் பெருஞ்சேதமுற்றதை யாவரும் அறிவர். விழுந்த மரங்களைத் தோப்பிலேயே மட்கவிடுவது கேட்டிற்கு இடமாகும். காண்டாமிருக வண்டு மட்கும் தென்னந்தண்டில் முட்டையிட்டுப் பெருகி, தப்பி நிற்கும் மரங்களின் குருத்தைக் குடையும். ஆதலின் அவற்றைத் துண்டாக்கி விரைவில் அகற்றுதல் அவசியம். வாய்க்காலிலும் பாதையிலும் கிடக்கும் மரங்களைப் பொறுத்தமட்டில் கிராம அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்புண்டு.

பாரத்தின் அளவு

ஓரடி விட்டமும் 10 அடி நீளமும் உள்ள பச்சை மரத்துண்டை நீரின் எடைக்குச் சமமாகக் கொண்டால், அதன் பாரம் ஏறத்தாழ 220 கிலோ ஆகும். இதனைத் தோள்கொடுத்துத் தூக்க முயல்வதால் இடுப்புப் பிடிப்பும், கால் நசுங்குதலும் நேரிடுகின்றன. உருண்டையான பொருளைத் தூக்காமல் உருட்டுவதே முறை.

கடப்பாரை

மண்ணில் அழுந்திய துண்டைக் கிளப்புவதற்குக் கடப்பாரையே ஏற்றது. ஆனால் உருட்டுவதற்கு அது அவ்வளவாக உதவாது. மரத்தைப் பற்றாமல் வழுகிவிடும்; பாரம் திரும்பி விழுகையில் கடப்பாரை எகிறித் தொழிலாளியின் முகத்தில் அடிக்கவும் கூடும்.

கொக்கிக்கோல்

அமெரிக்காவில் மெயின் மாகாணத்து மரத்தொழிலாளர்கள் கொக்கி பூட்டிய கோலைக் கையாண்டு வந்தனர். வளையத்தில் தொங்கிய அக்கொக்கி பக்கவாட்டில் ஆடித் தொல்லை தந்தது. 1850களில் ஜோசப் பீவி என்னும் கொல்லர், கொக்கி மேலும் கீழும் மட்டுமே அசையும்படி அதனை அமைத்து, கோலின் நுனியில் கூரிய முள்ளையும் பொருத்தினார். அக்கருவி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. முள்ளுக்குப் பதிலாகப் பல் உள்ள வகையும் கடைகளில் விற்கப்படுகின்றது. கொக்கியின் அகலத்திற்கு ஏற்ற பருமனையே அது பற்றுமாதலால், மரத்தை அளந்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

உள்ளூரில் செய்யும் விதம்

முற்றிய கருவேல மரத்தில் முடிச்சில்லாத நாலரை அடிக் கோல் ஒன்று தேர்ந்துகொள்ள வேண்டும். அடிநுனியில் இரும்புப் பூண் மாட்டி, அதில் குட்டையான பல் ஒன்றை அமைக்கவேண்டும். நுனியிலிருந்து ஓரடி மேலே துளையிட்டு, பழைய லாரியின் வில் பட்டையில் வளைத்த கொக்கியை மரையாணியால் பூட்டலாம். துளையின் இருபுறமும் பூண் இல்லாவிடில் கோல் பிளந்துவிடும். கொக்கியின் நுனி உளிபோல் கூராக இருத்தல் வேண்டும். அதனை அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சித் தோய்த்தால் வேலையின்போது முறியும். கடைச்சரக்கு வடிவில் திருத்தமாக இருக்கும். பட்டறையில் செய்தது தோப்பின் மரப்பருமனுக்கே பொருந்துவதுடன், பழுதுற்றால் ஊரிலேயே சீர்செய்யவும் கூடும்.

உருட்டும் விதம்

தொழிலாளி மரத்தின் பின்புறம் நிற்கவேண்டும். பல்லை மரத்தின் மேற்பாகத்தில் ஊன்றி, கொக்கியைத் தன் பக்கத்தில் தாழப் பற்றவைத்து, பிடியை மேலே தூக்கினால் மரம் எதிர்ப்புறம் உருளும். பாரம் மிகுமளவிற்குக் கொக்கி ஆழப்பதியும்; பிடியைத் தாழ்த்தினால் விட்டுவிடும்.

வண்டியில் ஏற்றுதல்

வண்டிச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, 9 அடி நீளமுள்ள இரு சாய்வுக் கட்டைகளை வண்டியுடன் கட்டவேண்டும். இரு வடங்களின் ஒரு முனையை வண்டியில் கட்டி, மரத்தின் அடியில் செலுத்தி, மேலே வளைத்து, மறுமுனையை வண்டிக்கு அப்பால் நின்று இழுக்கவேண்டும். வண்டித்தட்டு 3 அடி உயரமாயின், சாய்வினால் 220 கிலோ பாரம் சுமார் 73 கிலோவாகவும், வடம் சுற்றியதால் அதில் பாதியாகவும் குறைகின்றது. உராய்வு நீங்கலாக 37 கிலோ இழுப்பே போதுமாதலால், இருவர் செய்யக்கூடியதே.

எச்சரிக்கை

சரிவில் மரத்திற்குக் கீழ்ப்புறம் எவரும் நிற்றல் கூடாது. ஒவ்வோர் உருட்டலுக்கும் பின் மரத்தின் அடியில் ஆப்பு வைத்தல் வேண்டும். நைந்த வடத்தையும் கீறல் விழுந்த கோலையும் அன்றே விலக்கிவிடவேண்டும். கிராமத்திற்கு இரண்டு கொக்கிக்கோல்களைப் பொதுவில் செய்து வைத்திருப்பின், அடுத்த புயலுக்குப் பின் தோப்பும் வாய்க்காலும் விரைவில் சீராகும். கூலியாட்களின் கைகால்களும் சேதமின்றித் தப்பும்.