மருந்தின் நான்காம் கூறு: வளரிளம் பருவ மனச்சோர்வு பற்றிய ஒரு சிந்தனை

மருத்துவம் என்பது மருத்துவரையும் மருந்தையும் மட்டுமே கொண்டதன்று என்பது வள்ளுவர் கருத்து. 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் அதனை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அவை. அங்கவியலை மேலும் பகுத்துக் காட்டும் பதிப்புகளில் இவ்வதிகாரம் நட்பியலின் இறுதியில் அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது. உடல்நோயைக் கருதிச் சொல்லப்பட்ட இப்பகுப்பு, இன்று நம் வகுப்பறைகளிலும் விடுதி அறைகளிலும் ஓசையின்றி இருந்துவரும் ஒரு நோய்க்கு மிகவும் பொருந்துகிறது. அந்நோய் மனச்சோர்வு. வளரிளம் பருவத்தாரை அது பற்றும் முறையையும், அதிலிருந்து மீள்வதற்கு 'நாம் இவர்களைச் சேர்ந்தவர்' என்னும் உணர்வு துணைசெய்யும் முறையையும் ஈண்டுக் காண்போம்.

துயரமும் நோயும்

அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது தொல்காப்பியம். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அந்நான்கு. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உரியதையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல் அசைவு. வேண்டியது கிட்டாமை வறுமை. கல்லூரியில் முதலாண்டு சேரும் ஒரு மாணவனுக்கு இந்நான்கும் ஒரே திங்களில் வந்து சேர்வதுண்டு. அவனது ஊர்ப்பேச்சைக் கேட்டு வகுப்பில் எழும் சிரிப்பு இளிவு. ஊரையும் பள்ளித் தோழரையும் விட்டு வந்தது இழவு. தமிழ்வழியில் பயின்று பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவன், ஆங்கிலவழிப் பாடத்தின் முன் ஒன்றும் விளங்காமல் கடைசி இருக்கைக்கு நகர்வது அசைவு. விடுதிக் கட்டணத்தின் இரண்டாம் தவணையை வீட்டில் கேட்கத் தயங்குவது வறுமை.

ஆயினும் இவை துயரங்களே, நோய் அல்ல. துயரத்திற்குக் காரணம் உண்டு. காரணம் விலகும்போதோ, காலம் செல்லும்போதோ அது தணியும். துயருற்றவன்கூட நண்பன் சொன்ன வேடிக்கைக்கு ஒரு நொடி சிரித்துவிடுவான். மனச்சோர்வு நோயில் அந்த ஒரு நொடியும் வாய்ப்பதரிது. முன்னர் மகிழ்ச்சி தந்தவை எல்லாம் சுவையற்றுப் போகின்றன. உறக்கம் குறைகிறது அல்லது அளவின்றிக் கூடுகிறது. பசி மாறுகிறது. ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தும் மனத்தில் நிற்பதில்லை. 'நான் எதற்கும் பயனற்றவன்' என்னும் எண்ணம் ஓயாமல் வருகிறது. இந்நிலை நாளின் பெரும்பகுதியும் நாள்தோறும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் மருத்துவர் அதனை நோய் என மதிப்பர்.

இவ்வேறுபாட்டை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டவர் உண்டு. பல்கு நகரைச் சார்ந்த அபூ ஸைத் அல்-பல்கி என்னும் அறிஞர் (இறப்பு 934) உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதியவர். காரணம் அறியப்பட்ட துயரம் ஒருவகை என்றும், காரணம் விளங்காத துயரம் மற்றொரு வகை என்றும், பின்னதற்கு உடலில் மூலம் உண்டு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். 'உனக்கு என்ன குறை? எல்லாம்தான் இருக்கிறதே!' என்று இன்றும் பிள்ளைகளைக் கேட்கும் பெற்றோர், ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்வறிஞருக்குப் பின்தங்கியே நிற்கின்றனர்.

வளரிளம் பருவத்தில் இந்நோய் வேறு முகமும் காட்டும். வளர்ந்தோரிடம் வாட்டமாகத் தோன்றுவது, இப்பருவத்தாரிடம் சினமாகவும் எரிச்சலாகவும் தோன்றக்கூடும். தலைவலி, வயிற்றுவலி என அடிக்கடி விடுப்பு எடுத்தல், தாயிடம் காரணமின்றிச் சீறுதல், நண்பர் கூட்டத்திலிருந்து சிறிது சிறிதாக விலகுதல் ஆகியன அதன் அடையாளங்களாதல் உண்டு. இவற்றைத் 'திமிர்' என்று நாம் பெயரிட்டுவிடுகிறோம். பெயர் தவறானால் மருந்தும் தவறாகிவிடும் அன்றோ!

இது எங்கோ ஒருவருக்கு வரும் அரிய நோய் என்று எண்ணுதல் கூடாது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோருள் 7.3 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டிற்கு உள்ளாகியிருந்ததாகக் கண்டது. அறுபது பேர் அமரும் வகுப்பொன்றில் நால்வர் என்பது அதன் பொருள்.

அறிவுரையின் எல்லை

மனச்சோர்வுற்ற மாணவனுக்கு நம் சமுதாயம் முதற்கண் வழங்குவது அறிவுரை. மேடைகளில் 'இடுக்கண் அழியாமை' அதிகாரம் முழங்கப்படுகிறது. அவ்வதிகாரம் அரசியலின் இறுதியில் வைக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. வினையை மேற்கொண்டு நடப்பவனுக்கு இடையில் வரும் துன்பத்தைத் தாங்குமாறு சொல்லப்பட்டது அது. வினை தொடங்கும் ஆற்றலையே நோய் பறித்துக்கொண்ட ஒருவனிடம் 'ஊக்கம் கொள்' என்பது, கால் முறிந்தவனிடம் 'எழுந்து ஓடு' என்பதை ஒக்கும். அவனால் ஊக்கம் கொள்ள இயலவில்லை. இயலாமை தன் குற்றமே என நம்புகிறான். முன்னிருந்த பாரத்தின்மேல் இன்னொரு பாரம் ஏறுகிறது. வள்ளுவர் நோயுற்றவனுக்கு எழுதிய அதிகாரம் வேறு என்பதை மேலே கண்டோம்.

'இறைநம்பிக்கை குறைந்ததால் வந்தது', 'கைப்பேசியால் வந்தது', 'வேலையற்ற மனத்தில் வந்தது' என்பன போன்ற தீர்ப்புகளும் இத்தகையனவே. கைப்பேசி உறக்கத்தைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒருவன் கைப்பேசியோடு விழித்திருந்தால், உறக்கம் வராததால் அதை எடுத்தானா, அதை எடுத்ததால் உறக்கம் போயிற்றா எனக் கேட்டறிதல் வேண்டும். கேளாமலே கைப்பேசியைப் பிடுங்குவது, சிலருக்கு எஞ்சியிருக்கும் ஒரே நண்பனைப் பிடுங்குவதாக முடிவதும் உண்டு.

சேர்ந்திருத்தல்

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில், எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடைபெற்ற ஆய்வொன்று இவ்விடத்து விரித்துரைக்கத் தக்கது. 'செஹர்' எனப்படும் அவ்வாய்வின் முடிவுகள் 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. பள்ளிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தனர். ஒரு தொகுதியில், மருத்துவர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பள்ளிதோறும் பணியாற்றினார். மற்றொன்றில் அதே திட்டத்தைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நடத்தினார். மூன்றாவதில் இத்திட்டம் இல்லை. ஆலோசகர் செய்தவை வியப்பூட்டும் எளிமை உடையவை. காலைக் கூட்டத்தில் சில சொற்கள்; மாணவர் எழுதும் சுவரிதழ்; பெயர் சொல்லாமல் குறைகளை எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி; போட்டிகள்; வேண்டுவோர்க்குத் தனியே பேசும் நேரம். ஏறத்தாழ எட்டுத் திங்கள் கழித்து ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் கேட்டறிந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிதும் மேம்பட்டிருந்தது. மாணவரை மாணவர் துன்புறுத்தலும் மனச்சோர்வின் அறிகுறிகளும் மற்றப் பள்ளிகளைக் காட்டிலும் குறைந்திருந்தன.

ஆசிரியரே நடத்திய பள்ளிகளில் அத்தகைய பயன் விளையவில்லை. இதனைக் கண்டு ஆசிரியர் சமுதாயம் வருந்த வேண்டுவதில்லை என்று கருதுகிறோம். பாடச்சுமையும் தேர்வுப்பணியும் தாங்கியவர்மீது மேலும் ஒரு பணியை ஏற்றினால் அது பதிவேட்டை நிரப்பும் பணியாகிவிடும். அன்றியும், மதிப்பெண் இடும் கையையே நோக்கி மனத்தைத் திறந்து காட்ட எந்த மாணவனும் தயங்குவான். அருகிருப்பவன் என்னும் நான்காம் கூற்றுக்குத் தனியே ஓர் ஆள் வேண்டும் என்பதே நாளந்தா நமக்குக் காட்டுவது.

மற்றொரு சான்று அமெரிக்க நாட்டினது. கிரெகரி வால்டன், ஜெப்ரி கோஹன் என்னும் உளவியலாளர் இருவர் முதலாண்டுக் கல்லூரி மாணவரிடம் நடத்திய ஆய்வை 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். 'இங்கு நமக்கு இடமில்லை' என்னும் ஐயம் முதலாண்டில் ஏறத்தாழ எல்லார்க்கும் வருவதே, நாளடைவில் தணிவதே என்னும் செய்தி, மூத்த மாணவரின் அனுபவங்கள் வாயிலாக அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. அதனை அவர்கள் தம் சொந்த அனுபவத்தோடு பொருத்தி, அடுத்து வருவோர்க்கு உதவும் வகையில் எழுதினர். எல்லாம் ஒரு மணி நேர அளவில் முடிந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவரின் மதிப்பெண் உயர்ந்தது. அவர்கள் தம் உடல்நலம் பற்றிச் சொன்னவையும் மேம்பட்டிருந்தன. இது மனச்சோர்வுக்கான சிகிச்சை அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆயினும், வகுப்பில் எவரும் பேசாத ஒரு நாளை 'இன்று எவரும் பேசவில்லை' என்று கொள்வதற்கும், 'நான் இவ்விடத்திற்கு உரியவன் அல்லன்' என்று கொள்வதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அது காட்டுகிறது.

சேர்ந்திருத்தல் என்பது கூட்டத்தில் இருத்தல் அன்று. நூறு பேர் உண்ணும் விடுதிக் கூடத்திலும் ஒருவன் தனியனாதல் கூடும். 'நான் வரவில்லை என்றால் தேடுவார் ஒருவர் உண்டு' என்பதே சேர்ந்திருத்தலின் அளவுகோல் எனலாம். இவ்வளவுகோலால் நம் கல்லூரி மன்றங்களை அளந்து பார்ப்போம். கவியரங்கில் எப்போதும் பாடுவோரே பாடுகின்றனர். பட்டிமன்றத்தில் பேச்சு வல்லாரே பேசுகின்றனர். பரிசு பெறும் ஐவர்க்கு மன்றம் வீடாகிறது. எஞ்சியோர் கைதட்டும் அவையினர். நாற்காலி ஒழுங்குபடுத்துதல், சுவரிதழுக்குப் படி எடுத்தல், பழைய மலர்களை அட்டவணைப்படுத்துதல் போன்ற சிறு பணிகள் மேடைக்கு அஞ்சும் மாணவனுக்கு ஓர் இடத்தை அளிப்பன. அப்பணி அவன் பெயரில் இருத்தல் வேண்டும். அப்போதுதான் அவன் வராத நாளில் அவனைத் தேடுவர்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கேலியாலும் அச்சுறுத்தலாலும் 'நம்மில் ஒருவனாக' ஆக்குவோம் என்பார் சிலர். இகழ்ச்சியால் உறவு பிறவாது. மேலே சொன்ன நான்கனுள் முதலாவதாகிய இளிவு அது. பகடிவதையைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதலே உள்ளது.

மருத்துவரும் மருந்தும்

நான்காம் கூற்றைப் பற்றியே பேசியதால் ஏனைய கூறுகள் வேண்டா என்று கொள்ளலாகாது. நட்பு மருத்துவத்திற்கு மாற்று அன்று. இரத்தசோகையும் தைராய்டுச் சுரப்புக் குறைவும்கூடச் சோர்வைத் தருவனவாதலால் மருத்துவர் முதலில் உடலையும் ஆராய்வார். எளிய நிலையில் பேச்சுவழிச் சிகிச்சையே போதியதாகலாம். கடுமையான நிலையில் மாத்திரையும் தேவைப்படும். அம்மாத்திரை காய்ச்சல் மாத்திரையைப் போல மறுநாளே பயன் தருவதன்று. சில வாரங்கள் ஆகும். அத்தொடக்க வாரங்களில் இளையோரை உடனிருப்போர் கூர்ந்து கவனித்தல் வேண்டும். சற்றே தேறியதும் தாமாக நிறுத்துதலும் தீது.

15 முதல் 29 வயதுடையோரின் இறப்புக் காரணங்களுள் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருந்ததாக 2021ஆம் ஆண்டுக்கான உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு கூறுகிறது. ஆகவே கேட்கக் கூசும் ஒரு கேள்வியை நண்பர் கேட்டே ஆதல் வேண்டும். 'வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா?' என்பதே அக்கேள்வி. கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்கும் என்பது தவறான அச்சம். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றனர். 'ஆம்' என்று விடை வருமாயின் அவரைத் தனியே விடுதல் கூடாது. 'எவரிடமும் சொல்லாதே' என்னும் வேண்டுகோளை அவ்விடத்தில் ஏற்றலும் கூடாது. பெற்றோர்க்கோ விடுதிக் காப்பாளர்க்கோ உடனே தெரிவித்தல் நட்புக்குப் பிழையாகாது.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவர் எனக் கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எனவே வழக்கு வரும் என்று அஞ்சி மறைத்தல் வேண்டா. 'டெலி மானஸ்' என்னும் நடுவண் அரசின் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்கிவருகிறது, தமிழிலேயே பேசலாம். தேர்வில் தவறியவர்க்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதையும், மே மாதத்தில் தம் தம்பி தங்கையர்க்கு நம் மாணவர் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு. முதன்முறை செல்லும் மாணவன் அவ்வாயிலில் நின்று திரும்பிவிடுவதே இயல்பு. உடன்செல்லும் நண்பர் சீட்டுப் பதியும் வரிசையில் தாமே நிற்கலாம். அழைக்கும் வரை பலகையில் அருகமர்ந்திருக்கலாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் முன்பே எழுதித் தரலாம். மறுமுறை வரவேண்டிய நாளை இருவருமே குறித்துக்கொள்வது நன்று.