புற்றுநோயை முன்கூட்டியே அறிதல்: இரத்தப் பரிசோதனை எமக்கு உதவுமா?



ஒரு குப்பி இரத்தம் கொடுத்தால் உடம்பில் எங்கே புற்றுநோய் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்ற பேச்சு இப்போது எமது கிராமங்களிலும் அடிபடுகின்றது. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் தமது காப்புறுதித் திட்டத்தில் இப்படியொரு சலுகை கிடைப்பதாகச் சொல்கின்றார்கள். நகரத்துத் தனியார் பரிசோதனை நிலையங்களும் "புற்றுநோய் இரத்தப் பரிசோதனை" என்று விளம்பரம் செய்கின்றன. பயத்தினால் காசைக் கடன்பட்டாவது அதைச் செய்துகொள்ள நினைப்பவர்கள் எம்மிடையே உண்டு.

இரண்டு மூன்று தடவை இடம்பெயர்ந்து, வீடும் மாடும் வயலும் இழந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிய குடும்பங்கள் நாம். ஒரு ரூபாவை எங்கே செலவிடுவது என்பது எமக்குப் பெரிய கேள்வி. ஆகவே இந்தப் பரிசோதனை எதைச் செய்யும், எதைச் செய்யாது, எமக்கு உரிமையாக உள்ளது எது என்பவற்றை இந்தப் பாடத்தில் படிப்போம்.

இரத்தத்தில் எதைத் தேடுகின்றார்கள்?

எமது உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. பழைய கலங்கள் செத்துக்கொண்டேயிருக்கும். அவை சாகும்போது அவற்றின் மரபுப் பொருளான டி.என்.ஏ. சிறு துண்டுகளாக இரத்தத்தில் கலக்கின்றது. புற்றுநோய்க் கலங்களும் அப்படியே. அவற்றின் துண்டுகளில் சில வேறுபாடான அடையாளங்கள் இருக்கும். அந்த அடையாளங்களைத் தேடுவதுதான் புதிய பரிசோதனை.

இவற்றுள் பெயர்பெற்றது "கலரி" என்பதாகும். அமெரிக்காவில் "கிரெயில்" என்ற கம்பனி 2021ஆம் ஆண்டில் இதை விற்பனைக்கு விட்டது. அப்போது ஒருவருக்கான கட்டணம் 949 டொலர். 2022இல் "ஜோன் ஹான்கொக்" என்ற ஆயுள் காப்புறுதிக் கம்பனி தனது காப்புறுதிதாரருக்கு இதைக் குறைந்த கட்டணத்தில் பெறும் வசதியை ஏற்படுத்தியது. உறவினர்கள் சொல்லும் சலுகை இத்தகையது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கட்டி சிறியதாக இருக்கும்போது அது இரத்தத்தில் விடும் துண்டுகளும் மிகக் குறைவு. கட்டி பெருத்த பின்தான் துண்டுகள் கூடும். எந்த நேரத்தில் நோயைப் பிடித்தால் உயிரைக் காப்பாற்றலாமோ, அந்த நேரத்தில்தான் இந்தப் பரிசோதனையின் கண் மங்கலாக இருக்கின்றது. 2021இல் வெளியான ஆய்வின்படி, முதலாம் நிலையிலுள்ள புற்றுநோயாளர் நூறு பேரில் ஏறக்குறைய 17 பேரையே இது காட்டியது. மற்ற 83 பேருக்கும் "ஒன்றுமில்லை" என்றே வந்தது.

எண்ணிப் பார்ப்போம்

2023இல் வெளியான "பாத்ஃபைண்டர்" என்ற அமெரிக்க ஆய்வில், 50 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 6,621 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. 92 பேருக்கு "புற்றுநோய் அறிகுறி உண்டு" என்று முடிவு வந்தது. மேலும் சோதித்தபோது அவர்களில் 35 பேருக்கே புற்றுநோய் இருந்தது. மற்ற 57 பேருக்கும் இல்லை.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த 6,621 பேரில் ஒரு வருடத்துக்குள் 121 பேருக்குப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. அவர்களில் இரத்தப் பரிசோதனை காட்டித்தந்தது அந்த 35 பேரை மட்டுமே. மற்ற 86 பேரையும் அது காட்டவில்லை. அவர்களின் நோய் வழமையான பரிசோதனைகளாலும், நோயின் குணங்குறிகளாலும் தெரியவந்தது.

இதை எமது வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். "உண்டு" என்று பிழையான முடிவு வந்த ஒருவர், இல்லாத நோயைத் தேடி ஸ்கான் எடுக்கவும் மகரகமைக்குப் போகவும் பஸ்காசு தேடி அலைவார். "இல்லை" என்று பிழையான முடிவு வந்த ஒருவரோ, வாயில் ஆறாத புண் இருந்தாலும் "இரத்தம் நல்லமாம்" என்று பேசாமல் இருந்துவிடுவார். இரண்டாவது ஆபத்தே பெரிது.

தனியார் நிலையங்களில் பெரும்பாலும் செய்யப்படுவது இந்தப் புதிய பரிசோதனை அல்ல. சி.ஏ.125, சி.ஈ.ஏ. போன்ற பழைய பரிசோதனைகளே அவை. ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவருக்குச் சிகிச்சை எப்படி வேலை செய்கின்றது என்று பார்க்க வைத்தியருக்கு இவை உதவும். சுகதேகியிடம் நோயைத் தேடுவதற்கு இவை ஏற்றவையல்ல. சூலகப் புற்றுநோய்க்காக இங்கிலாந்து முதலிய பகுதிகளில் 2001 தொடக்கம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ.125 பார்க்கப்பட்டது. 2021இல் இறுதி முடிவு வந்தபோது, அந்நோயால் ஏற்படும் மரணங்கள் குறையவில்லை என்று தெரிந்தது.

வைத்தியர் ஒரு காரணத்தோடு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் முதல் சந்தேகம் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே வரலாம். நாம் வேண்டாமென்பது, காரணமின்றி விளம்பரத்தை நம்பிச் செய்வதை மட்டுமே.

எம்மைத் தாக்கும் நோய் கண்ணுக்குத் தெரியும்

இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு அதிகமாக வருவது மார்பகப் புற்றுநோய். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் பெண்களின் முக்கிய புற்றுநோய்களில் ஒன்று. இம்மூன்றும் உடம்பின் ஆழத்தில் ஒளிந்திருப்பவை அல்ல. வாயைக் கண்ணாலும், மார்பகத்தைக் கையாலும், கருப்பைக் கழுத்தை ஒரு சிறு பரிசோதனையாலும் பார்க்கலாம். அறக்கொட்டி விழுந்ததா என்று அறிய நாம் நெற்பயிரின் அடியை விலக்கிப் பார்க்கின்றோம். வட்டை முழுவதும் எரிந்த பிறகு பார்ப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

வட்டாவில் வெற்றிலை வைத்து வரவேற்பது எமது மரியாதை. வயலில் வேலை செய்பவருக்குப் பசியை மறக்கவைப்பதும் அந்த வெற்றிலைதான். ஆனால் புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் அறிவித்தது. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2003இல் கூடிய அதன் நிபுணர் குழு தீர்மானித்தது. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான்" என்ற ஆறுதல் சரியல்ல.

பார்ப்பதால் உயிர் தப்புமா என்று கேட்கலாம். அயலிலிருந்தே சான்று உண்டு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 தொடக்கம், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் வைத்தியர்கள் அல்லர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மது பாவிப்போரிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள், பார்க்கப்படாத ஊர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ சமுதாய சுகாதார நிலையமும் பங்குகொண்ட ஆய்வு 2000ஆம் ஆண்டு தொடங்கியது. தாதிமார் 30 முதல் 59 வயது வரையான பெண்களின் கருப்பைக் கழுத்தில் வினாகிரி போன்ற மென்மையான அமிலத்தைப் பூசி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 2007இல் வெளியான முடிவில் மரணங்கள் 35 வீதம் குறைந்திருந்தன. அந்தப் பெண்களும் எம்மைப் போன்ற கிராமத்துப் பெண்களே.

ஏற்கெனவே எம்மிடமுள்ள காப்புறுதி

அரச வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகளிலும் சேவை இலவசம். இதுதான் எமது காப்புறுதித் திட்டம். "சுவநாரி" என்று சொல்லப்படும் பெண்கள் நலக் கிளினிக்குகள் 1996 முதல் நடைபெறுகின்றன. அங்கே மார்பகம் பார்க்கப்படும். 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்யப்படும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் பாடசாலையில் 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றது. அரச பல் வைத்தியர் வாயைப் பார்ப்பார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு.

அப்படியானால் ஏன் பலர் பிந்திப் போகின்றார்கள்? இடப்பெயர்வு ஒரு பெரிய காரணம். கிளினிக் அழைப்பு, குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டின்படி வருகின்றது. வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியேறியவர்களுக்கு அப்போது முகாமே வீடு. 2007இல் 35 வயதாயிருந்த ஒரு தாய், அந்தப் பரிசோதனையைத் தவறவிட்டிருக்கலாம். 2017இல் அவருக்கு 45 வயது. மீளக்குடியேறிய இடத்தில் பதிவு சரியாக இல்லாவிட்டால் அதுவும் தவறியிருக்கும். இன்று ஐம்பதைக் கடந்துவிட்ட அவரை ஒருவரும் ஒரு தடவையேனும் பார்த்திருக்கமாட்டார்கள். இப்படிப்பட்டவர்கள் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாங்களாகவே குடும்பநல உத்தியோகத்தரிடம் போய்க் கேட்க வேண்டும்.

மற்றொரு காரணம் "பெரும்போகம் வெட்டி முடியட்டும்" என்ற எமது எண்ணம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் வாவியைக் கடப்பது இலகுவாகியிருக்கின்றது. என்றாலும் ஒரு நாள் கூலியை இழந்து போவது கஷ்டமே. ஆனால் புண் அறுவடைக்காகக் காத்திருக்காது.

வீட்டில் செய்ய வேண்டியவை

வாய்: மாதம் ஒரு முறை, வாயைக் கொப்பளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கைக்கண்ணாடியுடன் பாருங்கள். உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், முரசு, நாக்கின் மேற்பக்கம், இரு ஓரம், அடிப்பக்கம், அண்ணம் என்று ஒழுங்காகப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் என்பன இருந்தால் பல் வைத்தியரிடம் போகவேண்டும். உறைப்பு பட்டால் வாய் எரிவதும், வாய் முழுமையாகத் திறபடாததும் பாக்கினால் வரும் நோயின் அடையாளங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நிறுத்திப் பாருங்கள். நுழையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். நோவில்லை என்று விட்டுவிட வேண்டாம். தொடக்கத்தில் நோ இருப்பதில்லை.

மார்பகம்: கட்டி, தோல் குழிவிழுதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் வருதல் என்பவற்றைக் கவனியுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் எல்லாக் கட்டியையும் காட்ட வேண்டும்.

கருப்பைக் கழுத்து: மாதவிடாய் நின்ற பின் இரத்தம் படுதல், உடலுறவின் பின் இரத்தம் படுதல் என்பவற்றைக் கூச்சத்தால் மறைக்க வேண்டாம்.

சிறு துண்டு வெட்டிச் சோதிப்பதால் நோய் பரவும் என்றும் "கத்தி பட்டால் கூடிவிடும்" என்றும் சொல்வார்கள். இது உண்மையல்ல. அந்தச் சோதனை இல்லாமல் நோய் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கிராமமாகச் செய்யக்கூடியவை

1. மாதர் சங்கம் ஒரு கொப்பியில் 35 வயதைக் கடந்த எல்லாப் பெண்களின் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதலாம். பரிசோதனை செய்யாதவர்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூட்டமாக அழைத்துச் செல்லலாம்.

2. கமக்காரர் அமைப்பு, விதைப்புக் கூட்டம் கூடும் நாளில் வாய் பார்க்கும் ஒழுங்கைச் செய்துதரும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் கேட்கலாம்.

3. பாடசாலை மாறிய பெண்பிள்ளை தடுப்பூசியைத் தவறவிட்டாளா என்று அதிபரிடம் விசாரிக்கலாம்.

4. மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகின்றோம். உயிரோடிருப்பவர் வைத்தியசாலைக்குப் போகவும் ஒரு சிறு போக்குவரத்து நிதியைச் சேர்க்கலாம். வைத்தியர் வரச்சொன்ன திகதியில் போக முடியாமல் நிற்பவருக்கு அது உதவும்.

5. கிளினிக் அட்டைகளையும் பரிசோதனை முடிவுகளையும் காணிப் பத்திரத்தோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். வெள்ளமோ வேறு ஆபத்தோ வந்து வெளியேற நேர்ந்தால் அந்தப் பை கையோடு வரட்டும்.

இரத்தப் பரிசோதனைகள் மேலும் திருந்தலாம். இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை 2021 தொடக்கம் 140,000 பேரைச் சேர்த்து இதை ஆராய்ந்தது. நல்ல பரிசோதனை ஒன்று உறுதியானால் அதை அரச வைத்தியசாலையிலேயே தரும்படி கேட்க எமக்கு உரிமை உண்டு. அதுவரை கடன்பட்டு அதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே எமக்குள்ள இலவச உரிமையை ஒருவரும் தவறவிடாமல் பயன்படுத்துவோம்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் 35 வயதைக் கடந்த பெண்களில் எத்தனை பேர் ஒரு முறையேனும் கிளினிக்கிற்குப் போயிருக்கின்றார்கள்? போகாதவர்களைத் தடுத்தது எது?

2. வெற்றிலை கொடுக்காமல் விருந்தினரை மதிக்க என்ன வழி? வயல் வேலையின்போது பாக்குக்குப் பதிலாக எதை வைக்கலாம்?

3. போக்குவரத்து நிதிக்கு ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு கொடுக்கலாம்? அதை யார் பொறுப்பெடுப்பது?