சொல் தெரிந்தால் வாக்கியம் வந்துவிடுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் மொழிக்குப் பஞ்சமில்லை. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் உண்டு, கடைவீதியில் தமிழ், மலையேறிக் குமுளிக்குப் போனால் மலையாளம். ஏலக்காய் வியாபாரமும் தோட்ட வேலையும் ஆட்களை இந்த மொழிகளுக்கு நடுவே நடமாட வைத்திருக்கின்றன. 'சொல் தெரிந்தால் போதும், வாக்கியம் தானே வரும். இங்கிலீஷும் அப்படித்தான்' என்ற நம்பிக்கை இந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்த நான்கு மொழிகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியும்கூட. நான்குமே திராவிட மொழிகள்; வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் ஏறக்குறைய நிற்கும். ஆங்கிலத்தில் இந்த வித்தை பலிக்காது.

பொறியாளர் பென்னிகுயிக் கட்டி, 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையையே எடுத்துக்கொள்வோம். 'பென்னிகுயிக் அணையைக் கட்டினார்', 'அணையைக் கட்டினார் பென்னிகுயிக்' என்று எப்படிப் புரட்டினாலும் கட்டியவர் அவர்தான். அணையோடு ஒட்டிய 'ஐ' உருபு அதைச் செயப்படுபொருளாக்கிவிட்டது. 'பென்னிகுயிக் பில்ட் த டேம்' என்பதை 'த டேம் பில்ட் பென்னிகுயிக்' என்று திருப்பிப் பாருங்கள், அணை அவரைக் கட்டிவிடுகிறது! ஒரு சொல்கூட மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது. பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. இடைக்காலத்தில் அவை பெரும்பாலும் உதிர்ந்துபோக, அவற்றின் வேலை சொல்வரிசையின் தலையில் விழுந்தது. ஆகவே ஆங்கில வாக்கியத்தில் முதலில் பிடிபட வேண்டியது சொல் அல்ல, அது உட்காரும் நாற்காலி. எழுவாயின் நாற்காலி காலியாக இருக்கவும் கூடாது. 'நேற்று கம்பம் போனேன்' என்றால் போனவர் யாரென்று 'ஏன்' விகுதி சொல்லிவிடும். 'வென்ட்' அதைச் சொல்லாது. முன்னால் ஆங்கில 'ஐ' வந்தாக வேண்டும். மழை பெய்தால் 'இட் இஸ் ரெயினிங்'. அந்த 'இட்' யாரையும் குறிக்கவில்லை, வெறுமனே இடத்தை அடைக்கிறது. 'இது பன்னீர் திராட்சை' என்பதற்குத் தமிழில் வினையே வேண்டாம். ஆங்கிலம் 'இஸ்' இல்லாமல் நகராது. மாணவர் எழுத்தில் இவை விடுபட்டால் அதை மறதி என்று திட்டுவது நியாயமில்லை. அவர்கள் மொழியில் அந்த நாற்காலியை நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தொல்காப்பியமே பெயர், வினை, இடை, உரி என்று சொல்லை வகுக்கிறதே, ஆங்கிலத்தின் எட்டு வகைகளை மனப்பாடம் செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். அந்த வகைப் பெயர்கள் உதவும், ஓரளவுக்கு. 'ட்ரிங்க் வாட்டர்' என்பதில் பெயராக இருக்கும் வாட்டர், 'வாட்டர் த வைன்ஸ்' என்றதும் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் வினையாகிறது. பெயர், வினை என்ற முத்திரை சொல்லில் குத்தப்பட்டிருக்கவில்லை. ஆங்கில 'ஐ' என்பது 'மீ' ஆகவும் 'ஹி' என்பது 'ஹிம்' ஆகவும் மாறுகின்றனவே, அது வேற்றுமைதானே என்பது இதைவிட வலுவான கேள்வி. பழைய வீட்டில் மிஞ்சிய சுவர்கள் அவை. உருவம் மாறியும் 'ஹிம் சா ஐ' என்று இடம் மாற்ற இன்றைய பேச்சு இடம் கொடுப்பதில்லை. 'கம்' மட்டும் எழுவாயில்லாமல் தனியே நிற்கிறதே? நிற்கும், அது ஏவல். அங்கே எதிரில் நிற்பவர்தான் எழுவாய்.