மனை ஒருவருடையது, வீடு ஒருவருடையது
பங்குரிமை வீடு பற்றி அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

வாரத்திற்குச் சாகுபடி செய்யும் விவசாயி எவரும், விதை யார் பொறுப்பு, எரு யார் பொறுப்பு, கண்டுமுதலில் யாருக்கு எவ்வளவு என்று பேசி முடிக்காமல் ஏர் பூட்டுவதில்லை. சட்டமும் இதில் வழிகாட்டியுள்ளது. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய் விளைவில் நிலவுடையார் பங்கை நூற்றுக்கு 40 என வரையறுத்தது; பின்னர் அது 25 ஆகக் குறைக்கப்பட்டது. நிலத்தின் பங்கில் இத்துணை விழிப்புள்ள நாம், குடியிருக்கும் வீட்டின் பங்கில் அவ்வாறு இருக்கிறோமா என்பதே இப்பாடத்தின் கேள்வி.

நம் வட்டாரத்தின் நிலை

திருவிடைமருதூர், திருபுவனம் முதலிய ஊர்களில் நெசவாளிக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமன்று, அதுவே தொழிற்கூடம். தறிக்குழி வீட்டுத் தரையில்தான் இருக்கிறது. வீடு ஒழுகினால் பாவும் நனையும், கூலியும் நிற்கும்.

காவிரிப் பாசனப் பகுதியில் குடியிருப்பு மனைகள் பல கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரியவை. சுவரும் கூரையும் குடியிருப்பவருடையவை, அடிமனை கோயிலுடையது. அதற்கு அவர் மாதந்தோறும் அடிமனை வாடகை செலுத்துகிறார். ஆகவே, பெயர் எதுவாயினும், இதுவும் பங்குரிமை வீடே.

1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ இடங்கொடாது. 34-அ பிரிவு நியாய வாடகை நிர்ணயத்திற்கும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துவதற்கும் வழி செய்கிறது. கோயிற்சொத்தைக் காப்பது நேர்மையான நோக்கம்; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? மூன்று தலைமுறையாக வாழ்ந்தாலும் குடியிருப்பவர் மனையை ஈடாகக் காட்ட இயலாது.

அரசின் உதவியும் இவ்விடத்திலேயே தடைப்படுகிறது. கிராமப்புறங்களில் 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீடொன்றுக்கு ரூ.3,50,000 அளிக்க வகுக்கப்பட்டது. ஆயின் பட்டாவோ சொந்த மனையோ வேண்டும். நகர்ப்புறங்களுக்கான பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளி தாமே கட்டிக்கொள்ளும் பிரிவும் மனையுரிமையையே கேட்கிறது. பாதி உரிமை உடையவரை இத்திட்டங்கள் உரிமையற்றவராகவே எண்ணுகின்றன.

இங்கிலாந்தின் அனுபவம்

இங்கிலாந்தில் அரசே பங்குரிமை வீட்டை ஒரு கொள்கையாக வளர்த்தது. வீட்டின் விலையில் நூற்றுக்கு 25 முதல் 75 வரை ஒருவர் வாங்குவார். எஞ்சிய பங்கிற்கு வீட்டுவசதி நிறுவனத்திற்கு வாடகை தருவார். வசதி வரும்போது மேலும் பங்கு வாங்கலாம். ஏழைக்கும் வீடு என்னும் நோக்கம் நன்றே. ஆயினும் காற்பங்கு வாங்கியவரும் பழுதுச் செலவை முழுவதும் ஏற்க நேர்ந்தது. வாடகையும் ஆண்டுதோறும் உயர்ந்தது. 2007-இல் ஒரு வழக்கில், பாதி விலை கொடுத்து வாங்கிய ஒருவர், வாடகை நிலுவையின் காரணமாக வீட்டையும் போட்ட முதலையும் இழக்கக்கூடிய வாடகைக்காரரே என நீதிமன்றம் கொண்டது. 2021-இல் வகுத்த புதிய முறையில் தொடக்கப் பங்கு 10 ஆகக் குறைந்தது. புது வீடுகளின் பழுதில் முதல் பத்தாண்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்றாயிற்று.

ஒரு கணக்கு

கணக்கிற்காக வீட்டின் விலை ரூ.10,00,000 எனக் கொள்வோம். அங்கத்தினர் ரூ.4,00,000 செலுத்தி நூற்றுக்கு 40 பங்கு பெறுகிறார். எஞ்சிய ரூ.6,00,000-க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வீதம் வாடகை ரூ.18,000, மாதம் ரூ.1,500. இது ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் உயர்ந்தால், பதினைந்து ஆண்டில் மாதம் ரூ.3,100-ஐத் தாண்டும். நெசவுக் கூலி அவ்வாறு உயருமா?

கூரை பழுதுக்கு ரூ.50,000 செலவாயின் அவர் பங்கின்படி தரவேண்டியது ரூ.20,000. முழுவதும் அவரே தருவதானால் ரூ.30,000 பிறர் சொத்துக்குச் செலவழித்தவராகிறார். வீட்டின் விலை ரூ.15,00,000 ஆனபின் மேலும் பத்தில் ஒரு பங்கு வாங்க விரும்பினால், முன்பு ரூ.1,00,000-க்குக் கிடைத்திருக்கக்கூடியதற்கு ரூ.1,50,000 தரவேண்டும். பங்கு எவ்வளவோ பாரமும் அவ்வளவே என்பது இங்கு மீறப்படுகிறது.

கூட்டுறவு வழி

பங்குடைமை தவறன்று. 1901-இல் லண்டனை அடுத்த ஈலிங்கிலும், 1915-இல் மும்பை கம்தேவியில் சாரஸ்வத் சங்கத்திலும் கூட்டுறவாளர் சேர்ந்து வீடமைத்தனர். அங்கே கட்டடம் சங்கத்துக்குரியது, சங்கம் அங்கத்தினருக்குரியது. வாடகை வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே பொதுக்குழுவில் அமர்ந்தமையால், விதியை வகுப்பதில் குடியிருப்பவருக்கும் குரல் இருந்தது. குறை பங்கில் இல்லை. குரலற்ற பங்கில் இருக்கிறது.

ஆகவே நம் சங்கங்கள் மூன்று செய்யலாம். முதலாவது, அடிமனையில் வாழும் அங்கத்தினரின் வாடகைச் சீட்டுகளையும், கட்டட வரி இரசீதுகளையும் முறையாகத் தொகுத்து வைக்கச் செய்தல். இரண்டாவது, நியாய வாடகை திருத்தப்படுங்கால் தனித்தனியே அலையாமல் ஒன்றுகூடி விண்ணப்பித்தல். மூன்றாவது, துணைவிதிகள் இடந்தருமிடத்து, மனையீடு இல்லாதார்க்கு ஆள்ஜாமீனின் பேரில் பழுதுக்கடன் வழங்குதல். அரசும், நெடுங்காலக் குடியிருப்பைத் தக்க சான்றாக ஏற்றுப் பழுதுக்காவது உதவி தருமாறு வேண்டுகிறோம்.

படிப்பு வட்டங்களில் விவாதிக்க

1. என் பங்கு எந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளது?
2. எஞ்சிய பங்கின் வாடகை எப்போது, எந்த வீதத்தில் உயரும்?
3. பழுதுச் செலவு யாருடையது?
4. நான் விற்றாலோ, இறந்தாலோ பெயர் மாற்றம் எவ்வாறு?
5. வாடகை நிலுவையானால் நான் போட்ட முதல் என்னாகும்?

இவ்வைந்துக்கும் எழுத்தில் விடை பெறாமல் எந்தப் பங்கு வீட்டிற்கும் முன்பணம் கொடுக்கலாகாது. ஏர் பூட்டுமுன் பேசுவது போல, குடிபுகுமுன்னும் பேசிக்கொள்வோம்.