இரண்டு ஆசான்களும் ஒரு பட்டறையும்

கேள்வி: ஐயா, கோவையில் பம்ப்செட்டுகளுக்கு வேண்டிய காஸ்டிங் வார்த்துக் கொடுக்கும் சிறிய ஃபவுண்டரி ஒன்றை, அப்பாவின் காலத்துக்குப் பிறகு ஆறு வருஷமாக நடத்தி வருகிறேன். ஆட்கள் இருபத்திரண்டு பேர். நிர்வாகம் பற்றிப் பெரியவர்கள் எழுதியதை ஆசையோடு படிப்பேன். பீட்டர் ட்ரக்கரைப் படித்துவிட்டு ஆளுக்கொரு மாத இலக்கு எழுதிக் கொடுத்தேன். யார் கையில் எத்தனை ரிஜெக்ட் என்று வாசலில் போர்டு மாட்டி, குறைவாக வந்தவருக்குப் பரிசும் கொடுத்தேன். பிறகு எட்வர்ட்ஸ் டெமிங்கைப் படித்தால், எண் இலக்கையே எடுத்துவிடு என்கிறார். போர்டைக் கழற்றிவிட்டேன். இப்போது என் மேஸ்திரி, "அடுத்த புஸ்தகம் எப்பங்க தம்பி படிக்கப் போறீங்க?" என்று கேட்கிறார். கேலிக்காகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்கிறார். இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மேஸ்திரி கேட்ட கேள்வியை இரண்டு நாள் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி இரவில் படிப்பதெல்லாம் மறுநாள் காலையில் தம் தலையில் வந்து விடிகிறது என்று ஒரு மூத்த தொழிலாளி அஞ்சுவாரானால், அந்த அச்சத்தைப் போக்குவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதற் காரியம். அதற்காகப் படிப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. இருவரும் சொன்னது வாஸ்தவம். ஆனால் ட்ரக்கர் உங்களுக்குச் சொன்னதை நீங்கள் உங்கள் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

வியன்னாவில் 1909-இல் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு லண்டன் சென்று, அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறிய ட்ரக்கரை, யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1943-ஆம் வருஷத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனம் அழைத்தது. ஏறத்தாழ ஒன்றரை வருஷம் அவர் அதன் உள்ளே புகுந்து பார்த்தார். ஷெவர்லே, ப்யூக், காடிலாக் என்று ஒவ்வொரு பிரிவும் தன் தலைவர் ஒருவரின் பொறுப்பில் தனித் தொழில் போல நடந்த அந்தப் பேரமைப்பைக் கண்ட அனுபவம் 1946-இல் ஒரு நூலாயிற்று. குறிக்கோளை வகுத்து நிர்வகிக்க வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து 1954-இல் வெளிவந்த வேறொரு நூலில் வந்தது. அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். குறிக்கோள் என்ற சொல்லை அவர் தனியே விடவில்லை. தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது என்பதையும் அதனோடு சேர்த்தே வைத்தார். முடிவெடுக்கும் அதிகாரமும் அதற்கு வேண்டிய பணமும் கையில் உள்ள ஒரு நிர்வாகி, முழு ஸ்தாபனத்தின் நோக்கத்தை உணர்ந்து, தன் இலக்கைத் தானே வகுத்துத் தன்னைத் தானே அளந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்து. உங்கள் பட்டறையில் மணலை எங்கிருந்து வாங்குவது, உலையை எப்போது பழுது பார்ப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவருக்குத்தான் இருக்கிறது, அவர் நீங்கள்தான்.

டெமிங் நின்று பார்த்த இடம் வேறு. கணிதமும் பௌதிகமும் கற்றவர். ஏற்ற இறக்கத்தில் எது இயல்பு, எது தனிக் காரணத்தால் நேர்ந்தது என்று பிரித்துக் காட்ட வால்ட்டர் ஷூவார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தைத் தம் வாழ்நாள் முழுவதற்கும் ஆயுதமாகக் கொண்டவர். அவர் தம் வகுப்புகளில் நடத்திக் காட்டிய பரீட்சை ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்து கிடக்கும். 50 குழிகள் கொண்ட ஒரு தட்டை அதில் அமிழ்த்தி எடுத்தால் 50 மணிகள் ஏறிவரும். சபையிலிருந்து ஆறு பேரைத் தொழிலாளிகளாக அழைத்து, வெள்ளை மணியே சரக்கு, சிவப்பு வந்தால் தோஷம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, டெமிங்கே மேஸ்திரியாக நிற்பார். குறைவாகச் சிவப்பு எடுத்தவரைப் பாராட்டுவார். அதிகமாக எடுத்தவரைக் கடிந்துகொள்வார். நேற்றுப் பாராட்டுப் பெற்றவர் இன்று தவறும்போது, பரிசு தலைக்கேறிவிட்டது என்பார். கடைசியில் மோசமான மூவரை நீக்கிவிட்டுச் சிறந்த மூவரை மட்டும் வைத்து வேலை வாங்குவார். சிவப்பு குறையாது. பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும்வரை, கணக்குப்படி சராசரி 10 வரும். 2 வந்தாலும் 18 வந்தாலும் அது எடுத்தவரின் சாமர்த்தியமும் அல்ல, குற்றமும் அல்ல. பெட்டியை நிரப்பியவர் முதலாளி.

உங்கள் போர்டில் இருந்த பெயர்களை இப்போது நினைத்துப் பாருங்கள்.

நான் முன்பு அடிக்கடி போய்வந்த ஒரு வார்ப்புப் பட்டறையில், ஒரு மோல்டருடைய காஸ்டிங்கில் மட்டும் ப்ளோ ஹோல் அதிகம் என்று அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. அவருடைய இடம் கொட்டகையின் மேற்கு ஓரம். அந்த ஓரத்தில் கூரைத் தகரம் ஒன்று விலகியிருந்ததால், மழை பெய்த இரவுகளில் அவர் பக்கத்து மணற்குவியல் மட்டும் நனைந்துபோகும். ஈரம் மிகுந்த மணலில் உலோகத்தை ஊற்றினால் நீராவி வெளியேற வழியின்றி உள்ளே துளை விழும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரிஜெக்ட் கணக்கைத் தேதிவாரியாக எழுதி மழை நாட்களைப் பக்கத்தில் குறித்தவுடன் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு தகரத்தை மாற்றியதோடு தோஷம் நிவர்த்தியாயிற்று. அந்த மனிதருக்குப் பதினைந்து வருஷ அனுபவம். அவரை அன்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது.

டெமிங்கின் சொல்லை அவருடைய சொந்த நாடான அமெரிக்கா வெகுகாலம் கேட்கவில்லை. யுத்த காலத்தில் அமெரிக்கப் பொறியாளர்கள் புள்ளியியல் முறைகளைச் சிரத்தையாகக் கற்றார்கள். ஆனால் மேலிருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. யுத்தம் முடிந்து, எதைச் செய்தாலும் விற்றுப்போகும் காலம் வந்ததும் கற்றதெல்லாம் கரைந்துபோயிற்று. அந்தத் தோல்வியை மனத்தில் கொண்டே டெமிங், 1950-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் அங்கு பேசச் சென்றபோது, கம்பெனித் தலைவர்களையும் நேரில் கூட்டிப் பேசினார். நகரங்கள் எரிந்து, மூலப்பொருளும் இல்லாமல், ஜப்பான் சரக்கென்றால் மட்டமென்று உலகம் ஒதுக்கிய வேளையில் அவர்கள் அதைக் கேட்டார்கள். அந்தச் சொற்பொழிவுகளைத் தொகுத்த நூலின் வருமானத்தை அவர் வாங்க மறுத்ததையொட்டி 1951-இல் டெமிங் பரிசு ஏற்பட்டது. 1980-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அவரைப் பற்றிச் சொன்ன பிறகே அமெரிக்கத் தொழிலதிபர்கள் அவரைத் தேடிவந்தார்கள். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நம் சென்னையில் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் அந்தப் பரிசைப் பெற்று, இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனமாயிற்று.

மேஸ்திரி கேட்ட அடுத்த புஸ்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறந்த நிறுவனங்களின் இலக்கணம் இதுவென்று வகுத்து, 1982-இல் பீட்டர்ஸும் வாட்டர்மனும் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதில் புகழப்பட்ட நிறுவனங்களில் பல இரண்டே வருஷத்தில் தடுமாறின என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறருடைய வெற்றியைப் பிரதி எடுக்கும்படி சொல்லும் புத்தகங்களை, என் அபிப்பிராயத்தில், உங்களைப் போன்றவர்கள் கடைசியில் படித்தால் போதும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போர்டை மறுபடி மாட்டாதீர்கள். ஒரு சாதாரண நோட்டு வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்து, தினம் எத்தனை வார்த்தது, எத்தனை தள்ளியது, என்ன தோஷம், மணல் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். யார் வார்த்தார் என்று எழுத வேண்டாம். இருபத்தைந்து நாள் கழித்துச் சராசரி பாருங்கள். ஒரு நாளைக்கு 200 காஸ்டிங்கில் சராசரி 12 தள்ளுபடி என்று வந்தால், ஷூவார்டின் வரைபடக் கணக்குப்படி 2-க்கும் 22-க்கும் இடையில் ஏறி இறங்குவதெல்லாம் உங்கள் பெட்டியின் இயல்பு. அதற்காக யாரையும் அழைத்துக் கேட்கக் கூடாது. நீங்கள் மணலையும் உலையையும் வார்ப்படப் பெட்டிகளையும்தான் பார்க்க வேண்டும். 22-ஐத் தாண்டிய நாளில் மட்டும் அன்று என்ன நேர்ந்தது என்று விசாரியுங்கள்.

ட்ரக்கரை உங்கள் மேஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஒரு முடிவு எடுக்கும்போது, அதனால் என்ன விளையும் என்று தாம் எதிர்பார்ப்பதை எழுதிவைத்து, ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. நீங்களும் அப்படி ஒரு காகிதத்தில், உங்கள் கையெழுத்தில், இந்த வருஷம் பட்டறையில் நீங்கள் மாற்றப் போகும் ஒரே ஒரு காரியத்தை எழுதித் தேதியிட்டு வையுங்கள். அதன் பலனை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை புதிய முறை எதுவும் வராது என்று மேஸ்திரியை உட்கார வைத்து, இதுவரை நடந்த குழப்பத்துக்கு வருத்தமும் தெரிவித்துச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் ஆனதும் அந்த நோட்டின் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.