லாரியே கனமா இருந்தா லோடு எங்கே ஏத்துறது?



நம்ம நெய்வேலி அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை சிமெண்ட் ஆலைகளுக்கு ஏற்றிப் போகும் பல்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் புத்தகத்து உருளை மாதிரி டேங்க் இருக்குமே, அதுதான். என் மாமா ரொம்ப வருஷமா அந்த வண்டி ஓட்டுகிறார். இப்போ கடன் வாங்கிச் சொந்தமா ஒண்ணு எடுக்கப் போகிறார். ஒரு மாசமா எங்க வீட்டில் இதே பேச்சுதான். அதில் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

22 சக்கர ட்ரெய்லர் லாரிக்கு முன் அச்சில் 7 டன், அடுத்த இரட்டை அச்சில் 21 டன், பின்னால் உள்ள மூன்று அச்சில் 27 டன் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆக மொத்தம் 55 டன். 2018-க்கு முன்பு 49 டன்தான். ஆனால் 55 டன் என்பது லோடு மட்டும் இல்லை! வண்டி, டீசல், டிரைவர், அவருடைய சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் சேர்த்துத்தான். காலி வண்டி 17 டன் என்று வைத்துக்கொண்டால் சாம்பல் 38 டன் ஏற்றலாம். வண்டி அரை டன் குறைந்தால் சாம்பல் அரை டன் கூடும். மாமாவுக்கு வாடகை டன் கணக்கில்தான் வரும்.

வருஷத்துக்கு 250 நடை என்று நான் கணக்குப் போட்டேன். 125 டன் வந்தது. வண்டி மூணு தடவைக்கு மேல் ரொம்புகிற சாம்பல்! மாமா நோட்டை வாங்கி ரெண்டு தடவை பார்த்தார்.

சரி, அரை டன்னை எங்கே குறைப்பது? இரும்புக்குப் பதில் அலுமினிய ரிம் போட்டால் சக்கரத்துக்கு 15 கிலோ வரை குறையும். 22 சக்கரத்துக்கு 330 கிலோ. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். ஒரே நாளில் போய்த் திரும்பும் வண்டிக்கு எதற்கு 400 லிட்டர்? 200 லிட்டர் போட்டால் 166 கிலோ மிச்சம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

டேங்கையே அலுமினியத்தில் செய்தால் என்ன என்று கேட்டேன். அறிவியல் பாடத்தில் இரும்பின் அடர்த்தி 7.8, அலுமினியம் 2.7 என்று படித்தோமே, அப்போ மூணில் ஒரு பங்கு எடைதானே என்று குதித்தேன். மாமா சிரித்தார். "அலுமினியம் வளைஞ்சு குடுக்கும் பாப்பா, தகட்டைத் தடிமனாப் போடணும். அதனால நீ சொல்ற அளவு குறையாது. விலையும் ஜாஸ்தி. வழியில வெல்டிங் விட்டா எல்லாப் பட்டறையிலயும் ஒட்ட மாட்டாங்க." கடனும் அவ்வளவு கிடைக்காதாம்.

ஸ்டெப்னி சுமார் 100 கிலோ, அதைக் கழற்றிடலாமே என்றேன். அதற்கு மட்டும் மாமாவுக்குக் கோபம் வந்தது. ஒருமுறை முதலாளி எடையைக் குறைக்க ஸ்டெப்னி இல்லாமல் அனுப்பி, டயர் வெடித்து, விருத்தாசலம் ரோட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்கு அத்தை தூங்கவே இல்லை. ஸ்பிரிங் பட்டையையும் குறைக்கக் கூடாதாம், தாங்குவதே அதுதான்.

பேசாமல் கூடுதலா ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் லோடை இறக்கியும் ஆகணும். அதோடு ரோடு என்ன ஆகும்? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சோதனைக்கென்றே சாலை போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 2×2×2×2, அதாவது 16 மடங்கு! 10 சதவீதம் கூடினாலே 1.1-ஐ நான்கு முறை பெருக்கணும். போட்டுப் பாருங்கள், 1.46 வரும். நாம் சைக்கிளில் குதித்துக் குதித்து வருகிற பள்ளமெல்லாம் எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் மாமா இரும்பு டேங்க், அலுமினிய ரிம், ஸ்டெப்னி ஒண்ணு என்று முடிவு செய்திருக்கிறார். வண்டி வந்து முதலில் எடை மேடை ஏறும்போது காலி எடைச் சீட்டை வாங்கி வந்து இங்கேயே ஒட்டுகிறேன். என் கணக்கு சரியா என்று பார்க்கலாம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி